ஓடைக்காரன் உட்கார்ந்த கல்

நான் எழுதியதில் ஏதோ ஒரு காரியத்தை நடத்திக் காட்டியது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மனு. முப்பது வருடமாகப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதி வருகிறேன். அவற்றைப் படித்து யாரும் திருந்தியதாகவோ கெட்டுப்போனதாகவோ இதுவரை தகவல் இல்லை. அந்த மனு இரண்டே பக்கம். ஆறு வாரத்தில் ஓர் ஓடையை இல்லாமல் ஆக்கிவிட்டது.

அதை எழுதியது என் அக்காவுக்காக. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றாள். தவளைக்கு மயக்க மருந்து கொடுப்பது, பாட்டில்களில் ஃபார்மலின் மாற்றுவது, பூச்சிப் பெட்டிகளில் அந்துருண்டை போடுவது, மங்கிப்போன சீட்டுகளைத் திரும்ப எழுதி ஒட்டுவது, இதெல்லாம் அவள் வேலை. துறைத் தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். சீட்டுகளில் இருந்த கையெழுத்து மட்டும் மாறவில்லை.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் தட்டான்கள் இருந்தன. ஊசியில் குத்தி, றெக்கையை விரித்து, வரிசையாக. வரிசைக்கு நடுவில் ஒன்றுக்குக் கீழே இருந்த சீட்டில் இங்கிலீஷில் நாலு வரி. ஓடும் தண்ணீரில் வசிப்பது, பாறைகளில் அமர்வது, ஆணின் உடல் அடர்நீலம் என்று. சீட்டுக்கு மேலே இருந்த தட்டானோ காய்ந்த புகையிலை நிறம். செத்தால் அதன் நிறம் போய்விடுமாம். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு தடவை என்று அக்கா அந்தச் சீட்டை மூன்று முறை எழுதியிருக்கிறாள். புகையிலை நிறத்துப் பூச்சிக்கு அடியில் மூன்று முறை ‘அடர்நீலம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு, வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் அக்கா வீட்டுக்காரர் கட்டிப்போட்டிருந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சிறுமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஓடும், கோடையில் அங்கங்கே குட்டையாக நிற்கும், முழுதாக வற்றாது. போன முதல் மாதமே ஒருநாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

“டேய், அது நெசமாவே நீலமா இருக்குடா.”

“எது நீலமா இருக்குக்கா?”

“சீட்டுல எழுதுனது.”

நான் அப்போது திருநகரில் என் வீட்டில் உட்கார்ந்து, திருமண மண்டபங்களில் சாப்பாட்டுப் பந்திக்கு இடம்பிடிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். “அப்படியாக்கா, ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தத் தட்டானுக்குத் தமிழில் தனிப்பெயர் ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நம்மூரில் எல்லாமே தட்டான்தான். அக்கா அதற்கு ஓடைக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டாள். மழை வருவதற்கு முன் தெருவெல்லாம் பறக்குமே மஞ்சள் தட்டான், அதைப்போல ஊர் சுற்றாது. ஓடையை விட்டு நகராது. நடுத்தண்ணீரில் நிற்கும் ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றும், கொசுவோ ஈயோ ஏதாவது பிடிக்கும், திரும்ப அதே கல்லுக்கு வந்து உட்காரும். இதெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்ததுதான். நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு நிறைய வாய்ப்பு இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாலு வருடம் கழித்து அக்காவுக்குக் கண் பிரச்சினை வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. அது பல வருடமாக உள்ளே இருந்து, கடைசியில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. கண்ணில் பிரஷர். ஓரத்துப் பார்வை முதலில் போகும், வலிக்காது, அதனால் போனது தெரியாது. கதவு நிலையில் இரண்டு தடவை தோளை இடித்துக்கொண்டவள், வயசாச்சு என்று நினைத்திருக்கிறாள். டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை.

“இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்போம்மா. போனது போனதுதான்.”

“எம்புட்டு நாளைக்கு இருக்கும் டாக்டர்?”

“அதைச் சொல்ல முடியாதும்மா. லேட்டா வந்திருக்கீங்க.”

திரும்பி வரும்போது காரில் நான் வழக்கம்போல ஏதோ ஜோக் அடித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதால் அந்த ஜோக்கை இங்கே எழுதவில்லை. சமயநல்லூர் தாண்டியபிறகு அவளாகச் சொன்னாள்.

“குழாய் வழியாப் பாக்குற மாதிரி இருக்குடா. பறக்குறது எதையும் இனிமே தொரத்திப் பாக்க முடியாது. ஓடைக்காரன்னா பரவாயில்ல. கல்லு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கண்ணக் கல்லுல வச்சிட்டா அவனே வந்து உக்காருவான். இந்த மழைக்குப் பாத்துட்டாப் போதும், அடுத்த மழைக்கு இருக்குமோ என்னமோ.”

நான் நெகிழ்ந்துபோனேன். ‘கண்ணைக் கல்லில் வைத்துவிட்டால் அவனே வந்து உட்காருவான்.’ நல்ல வாக்கியம். எப்போதாவது ஒரு கட்டுரையில் பயன்படும் என்று வீட்டுக்கு வந்ததும் டைரியில் குறித்து வைத்துக்கொண்டேன். வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேனே தவிர, அதில் ஒரு கல் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவளை ஓடைக்குக் கூட்டிப்போவது வழக்கமாயிற்று. கோடையிலும் குட்டைகளின் ஓரத்தில் ஒன்றிரண்டு பெண் தட்டான்கள் இருக்குமாம், மஞ்சளும் கறுப்புமாக. அவள் கரையில் உட்கார்ந்து பார்ப்பாள். நான் புங்கமரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். இயற்கையைப் பற்றி நல்ல நல்ல புத்தகங்கள் அந்த மரத்தடியில்தான் படித்து முடித்தேன். ஐம்பது அடி தூரத்தில் இயற்கை இருந்தது, நான் தலையைத் தூக்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் அக்கா சறுக்கி விழுந்தாள். கரை முழுக்க நாணலும் சீமைக்கருவேலமும். ஒற்றையடித்தடம், அதிலும் பாதி மண் சரிந்து கிடந்தது. முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் முள். பெரிய காயமில்லை. ஆனால் எழுந்து நின்றதும் அவள் முதலில் செய்தது, என்னைப் பார்த்துச் சிரித்ததுதான். “இனி வரமுடியாது போலடா” என்றாள் சிரித்துக்கொண்டே. அன்று ராத்திரியே மனுவை எழுதினேன்.

அதில் என் திறமை முழுவதையும் இறக்கினேன். மேற்படி ஓடைக்குள் இறங்க விரும்பும் குடிமகன் ஒருவருக்கு மலையேற்றப் பயிற்சியும் உயிர்க் காப்பீடும் அவசியமாக இருக்கிறது என்றும், சென்ற பங்குனியில் நாணலுக்குள் நுழைந்த எருமை ஒன்று வழி கிடைக்காமல் உள்ளேயே தங்கிக் கடைசியில் கன்றுடன் வெளியே வந்ததாக ஊரில் பேச்சு இருக்கிறது என்றும், ஆகவே புதரை அகற்றிப் படிக்கட்டு அமைத்துத் தரவேண்டும் என்றும் எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பத்தாம் நாள் ஓர் அதிகாரி போன் செய்தார்.

“சார், உங்க மனுவ ஆபீஸ்ல எல்லாரும் ரவுண்டுல விட்டுப் படிச்சோம். எருமை மேட்டர் சூப்பர் சார். கண்டிப்பா செஞ்சிரலாம்.”

என் மனைவியிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவுவதை நிறுத்தாமல் கேட்டாள், “உங்க எழுத்தப் படிச்சு கவர்மெண்டே சிரிச்சிருச்சா? இனி வீட்ல மனுசர் இருக்கமுடியாதே.”

இதே சமயத்தில் அக்காவுக்குக் கண்ணில் லேசர் வைக்கவேண்டி வந்தது. ஒரு மாதம் திருநகரில் எங்களோடு இருந்தாள். ஓடை வேலை நடப்பதை அவளிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன், ஜேசிபி வந்தது. நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போனேன். ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். ஜேசிபியின் மண்வாரிக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் பேசினேன். எருமைக் கதையை மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தார்கள். நான் கேட்டிருந்தது படிக்கட்டுதான். வேலைக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருக்கிறதென்று, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவரே எழுப்பித் தருவதாக அதிகாரிகள் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? துண்டு வேறு தோளில் இருந்தது.

மத்தியானம் வண்டியின் டிரைவர், நாற்பது நாற்பத்தைந்து வயசுக்காரர், இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“அண்ணே, நடுவுல பெரிய கல்லு மூணு கெடக்கு. இருக்கட்டுமா, எடுத்துரவா?”

“எடுத்துருங்க. எங்கக்கா கால்ல இடிச்சிரும்.”

“கஷ்டமான வேலைதாண்ணே. நீங்க சொல்றீகன்னு எடுக்குறேன்.”

சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்கிற ஒருவரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். எடுத்துவிட்டார். அடியில் இருந்த மணலையும் சருகையும் சேற்றையும் சேர்த்து அள்ளி, குட்டைகளை நிரவி, தரையைத் தட்டையாக இழுத்துவிட்டார். சாயங்காலம் ஓடை பார்க்க சுத்தமாக இருந்தது. முடிவெட்டிக்கொண்டு வந்த பையன் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான் சொன்னதாகவும் இருக்கலாம்.

படியும் சுவரும் கட்டி முடித்த கையோடு ஐப்பசியில் மழை பிடித்தது. பத்து நாள் கழித்து வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிப்போனேன். படியின் பக்கவாட்டில் இரும்புக் குழாயில் கைப்பிடி. அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

“யாருடா போட்டா?”

“நான்தான். மனு எழுதி.”

“நெசமாவா? நீ எழுதியா?”

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில் நின்று தலையை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினாள். பார்வை குறுகிய பிறகு அப்படித்தான் தேடுவாள், இருட்டில் டார்ச் அடித்துத் தேடுவதுபோல. ஒரு தடவை போய்த் திரும்பியது தலை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும்.

“டேய், கல்லு எங்கடா?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டு வெள்ளைச் சுவருக்கு நடுவில் செம்மண் தண்ணீர் ஒரே நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுழிப்பு இல்லை, ஒரு சலசலப்பு இல்லை. ஓடை முழுவதிலும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு ஒன்றுமே இல்லை. டைரியில் குறித்த வாக்கியம் அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

“தண்ணி ஜாஸ்தியாப் போகுதுக்கா. முங்கிருச்சு” என்றேன்.

“ஓ” என்றாள். “மழைத் தண்ணில்ல. வடியட்டும்.”

அடுத்த வாரம் வடிந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் வடிந்து தெளிந்தது. இரண்டு வாரமும் கார் ரிப்பேர் என்று சொல்லி நான் போகவில்லை. மூன்றாவது வாரம் அவளே, “ஆட்டோ புடிச்சுப் போய்க்கிறேன்டா” என்றாள். போனேன்.

கார்த்திகை மாதத்தில் மதுரைப் பக்கம் அடிக்கிற மத்தியான வெயில். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, முன்பு கல் இருந்த இடத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த இடம் அவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. அங்கே கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. முங்கிய கல் என்று இனி சொல்லமுடியாது.

“என்னடா, ஒண்ணும் தெரியல. ரொம்ப மோசமாயிருச்சோ கண்ணு?”

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். கண் மோசமாகவில்லை அக்கா, அங்கே கல் இல்லை, நான் எடுக்கச் சொன்னேன். மூன்று சின்ன வாக்கியம். வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது வரவில்லை.

“இருக்குக்கா. கல்லு கொஞ்சம் தள்ளிப் போயிருச்சு வெள்ளத்துல. அந்தா, சுவத்தோரம். உன் ஓடைக்காரன் அதுல உக்காந்திருக்கான் பாரு.”

அவள் தலையைத் திருப்பினாள். கண்ணைச் சுருக்கினாள். “எங்கடா?”

“பறந்துட்டான்.”

“வருவான். இரு.”

முக்கால் மணி நேரம் இருந்தோம். நான் இல்லாத ஒரு தட்டானை வரவழைத்தேன், போகவைத்தேன், திரும்ப வரவழைத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் சுவரோரம் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, “தெரியலையே, தெரியலையே” என்றாள். நாலாவது தடவை அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயிலில் உற்றுப் பார்த்ததாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. பிறகு அமைதியாகக் கேட்டாள்.

“வாலை எப்படி வச்சிருக்கான்?”

“வாலா? தொங்கப் போட்டிருக்கான்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உச்சி வெயில்ல அவன் வாலத் தொங்கப் போட மாட்டான்டா. வானத்தப் பாக்க நட்டுக்க வச்சிக்குவான். அப்பத்தான் உடம்புல வெயில் கம்மியாப் படும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், ஒரு தடவ பாத்திருந்தா.” என் பக்கம் திரும்பி, “எம்புட்டு வாரம் என்கூட வந்திருக்க. ஒரு தடவையாச்சும் அவனப் பாத்தியா நீ?”

“இல்லக்கா.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு போர்த்தியது, ஜேசிபி டிரைவர் கேட்டது, நான் பதில் சொன்னது. அவள் கால் இடித்துக்கொள்ளும் என்பதற்காகத்தான் என்றும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் சொல்லும்போது பொய் மாதிரி இருந்தது.

“மண்ணையுமா அள்ளுனாங்க?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா.”

“கல்லு போனா வேற கல்லு போடலாம்டா. ஓடைக்காரனோட புள்ளைகெல்லாம் மாசக்கணக்கா மண்ணுக்குள்ளயும் சருகுக்குள்ளயும்தான் இருக்கும். றெக்கை மொளைக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ளதான். அதையில்ல அள்ளிக் கொட்டியிருக்கீக.”

திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் பாட்டுக்கு எழுந்து, நான் மனு போட்டு வாங்கிக் கொடுத்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், “கண்ணு போயிருச்சுன்னுல்ல பயந்துட்டேன்” என்றாள். இரண்டு வாரம் போன் செய்யவில்லை. நான் செய்தபோது எடுத்தாள், சொட்டு மருந்து போடுகிறேன், சாப்பிட்டேன், வை என்றாள்.

நான் கல் தேடக் கிளம்பினேன். டிரைவரைக் கண்டுபிடித்து அந்த மூன்று கல்லும் எங்கே என்று கேட்டேன்.

“அதெல்லாம் ரோட்டோரப் பள்ளத்துல போட்டு மூடியாச்சேண்ணே. நீங்கதான எடுக்கச் சொன்னீக?”

நான்தான். வேறு கல் பார்த்துக் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஐம்பத்தேழு வயதில், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு கல்லைக் கட்டிப்பிடித்து ஓடைக்குள் இறங்கும் மனிதனைப் பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், அன்னைக்குக் கல்ல எடுக்க மனு. இன்னைக்குக் கல்லப் போட மனுவா?”

“இதுக்கு மனு இல்லண்ணே. சொந்த வேலை.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு வந்து மறுபக்கம் பிடித்தார். காரணம் கேட்கவில்லை. நாலு வாரத்தில் ஒன்பது கல் போட்டோம். வெள்ளம் மூன்றை இழுத்துக்கொண்டு போனது. மீதி ஆறு நின்றன. கான்கிரீட் சுவரோரமிருந்து சருகை வாரித் தண்ணீருக்குள் போட்டேன். என்ன சருகு போடவேண்டும் என்று அக்காவிடம் கேட்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை உட்கார்ந்து பார்த்தேன், புத்தகம் இல்லாமல். மஞ்சள் தட்டான் வந்தது, சிவப்புத் தட்டான் வந்தது, ஊசித் தட்டான் வந்தது. மாசி முடிந்து தண்ணீர் வற்றும்வரை நீலத்தில் ஒன்றுகூட வரவில்லை.

அந்தச் சித்திரையில் அக்காவின் வலது கண் முழுதாகப் போயிற்று. ஆடியில் இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்று ஆனது. டாக்டர் செய்யக்கூடியதெல்லாம் செய்தார். திருநகருக்கு வந்துவிடு என்று நானும் என் மனைவியும் எவ்வளவோ சொன்னோம். “இங்க செவரு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும்டா. அங்க வந்து புதுசாப் படிக்கணும்” என்று மறுத்துவிட்டாள். என்னோடு பழையபடி பேசினாள். என் கட்டுரைகளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். ஓடையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த மழையும் வந்தது. வெயில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்குப் போனேன். பத்தரை மணி இருக்கும்.

நான் சுமந்துகொண்டு போய்ப் போட்ட கல் ஒன்றில் அது உட்கார்ந்திருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. கான்கிரீட் சுவர் ஓரிடத்தில் உடைந்து துருப்பிடித்த கம்பி ஒன்று தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இருந்தது. மலைப்பக்கம் மேலே எங்கோ ஜேசிபி போகாத இடத்திலிருந்து வந்திருக்கவேண்டும். முதலில் கறுப்பு என்று நினைத்தேன். வெயில் பட்டபோது உடம்பெல்லாம் மாவு தூவியதுபோல ஒரு நீலம். பேனா மையைத் தொட்டு விரலில் காயவிட்டால் வருமே, அதுபோல. சரியாகச் சொல்லவில்லை நான். சீட்டில் அவள் எழுதியதுதான் சரி. அடர்நீலம். றெக்கை உடம்போடு சேருகிற இடத்தில் மட்டும் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு. இன்னொரு ஆண் வந்தது. இது எகிறிப் போய் அதைத் தண்ணீரோடு ஒட்டியே இருபது அடி விரட்டிவிட்டு, கம்பிக்குத் திரும்பி வந்து, தலையை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. போனில் பதினோரு படம் எடுத்தேன். ஒன்று தெளிவாக வந்தது.

நனைந்த வேட்டியோடு ஓட்டிக்கொண்டு போனேன். அக்கா சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, வந்திருச்சுக்கா. ஓடைக்காரன். ரெண்டு வந்திருக்கு.”

அவள் கை நின்றது. “எது மேல உக்காந்திருக்கு?”

சொன்னேன். கம்பி, நீலம், றெக்கை அடியில் பழுப்பு, ஒன்று இன்னொன்றை விரட்டியது, தலையைச் சுற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முப்பது வருட எழுத்தில் நான் இவ்வளவு கவனமாக எதையும் விவரித்ததில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முழங்கால் சிராய்ப்போடு எழுந்து நின்றபோது சிரித்தாளே, அதுபோல இல்லை. இது எனக்காகச் சிரித்தது.

“இந்தத் தடவ நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கடா.”

“படிக்கலக்கா. பாத்தேன். சத்தியமாப் பாத்தேன். போட்டோ இருக்கு, இந்தா.”

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் தெரிந்தது, என்ன செய்கிறேன் என்று. அவள் போன் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்தைப் பார்த்தாள்.

“நல்லாருக்கு” என்றாள்.

“அக்கா, என் வேட்டியத் தொட்டுப் பாரு. நனைஞ்சு கெடக்கு. இம்புட்டுத் தூரம் தண்ணிக்குள்ள எறங்கித்தான…”

“விடுடா. நான் அதையெல்லாம் மறந்து எம்புட்டோ நாளாச்சு. எனக்காக நீ இன்னும் எத்தன நாளைக்குப் பொய் சொல்லிக்கிட்டுத் திரிவ? ஈர வேட்டிய மாத்து மொதல்ல. சளி புடிச்சிக்கிரும்.”

அக்கா வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்று பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொன்னாள். சொன்ன இடத்திலேயே இருந்தது. கட்டிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். பேசவேண்டியது நிறைய இருந்தது. கொடிக்கால்காரரைச் சாட்சிக்குக் கூட்டிவரலாம், அவர் அன்று இல்லை. இருந்தாலும், இதற்கும் ஆள் செட்டப் பண்ணிட்டியா என்றுதான் அவள் கேட்பாள்.

அவள் கீரைக் காம்பைக் கிள்ளி ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இலைகூடக் காம்புப் பக்கம் விழவில்லை. நானும் ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.